பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடாதீர்கள்

வழியில் உடைந்த வீணை பெரும்பாலும் பிழைத்துவிடும். அதைப் பிழைக்கவிடாமல் செய்வது பெட்டியைத் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான். பதற்றத்தில் யாராவது பிளவுக்குள் சூப்பர் க்ளூவை விட்டுவிட்டால் அதன்பிறகு என்னைப் போன்றவர்களின் கையும் கட்டப்பட்டுவிடும்.

தஞ்சாவூரில் வீணை செய்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். சென்னையில் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா வாசித்த வீணை இங்கே பரணில், மகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ என்று இருக்கிற வீடுகள் இப்போது அதிகம். பேத்திக்குப் பாட்டுக் கிளாஸ் ஆரம்பித்ததும் அந்த வீணையைத் துடைத்து விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அடிபட்ட வீணைகளின் படங்கள் வாட்ஸ்அப்பில் என்னிடம் வந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். அதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

முதலில் வீணை எங்கே உடையும் என்று பார்த்துவிடலாம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. நீளம் நாலு அடிக்கு மேல் வரும். கனம் முழுக்க ஒரு முனையில், குடத்தில் இருக்கிறது. இன்னொரு முனையில் தந்தியை முறுக்கும் பிரடைகளும் யாளியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளே குடைந்த மெல்லிய தண்டி. பெட்டி நுனி குத்தி விழுந்தால், பெட்டி நின்றாலும் உள்ளே குடம் நிற்காது. அது முன்னே தள்ளும். அந்த வேகம் மொத்தமும் குடமும் தண்டியும் சேருகிற கழுத்தில் வந்து இறங்கும். ஒட்டு வீணை அங்கேதான் வாய் திறக்கிறது. ஏகாண்டத்தில் ஒட்டு இல்லாததால் அந்த இடம் தாங்கும், ஆனால் யாளி தாங்காது. யாளியின் கழுத்து வளைந்து கீழே இறங்குகிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்காக ஓடும், அதனால் லேசான அடிக்கே முறியும். மூன்றாவது இடம் குதிரைக்குக் கீழே உள்ள மேற்பலகை. தந்தியை முறுக்கிய நிலையிலேயே பெட்டியில் வைத்து, மூடி குதிரையின்மேல் அழுத்தினால் பலகை அமுங்கிப் பிளக்கும்.

நாலாவது சேதத்தைப் பார்த்துத்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் அதற்குத் தேவையில்லை. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கருப்பு மெழுகுத் திட்டின்மேல் உட்கார்ந்திருப்பவை. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். விமான நிலையத்துத் தளத்தில் சித்திரை வெயிலில் ஒரு பெட்டி காத்துக் கிடந்தால் மெட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்து மெழுகுக்குள் அமிழ்கின்றன. குளிரிலோ நேர்மாறாக நடக்கும். மெழுகு விறைத்து, ஒரு தட்டு தட்டினால் ஓடு மாதிரி உடைந்து மெட்டோடு கையில் வந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் கருப்புத் துண்டுகளும் வெண்கலக் கம்பிகளும் சிதறிக் கிடப்பதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. அது அழ வேண்டிய சேதமே இல்லை. நல்ல நிலையில் இருக்கிற வீணைக்கே சில வருஷங்களுக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்து உட்காரவைப்பது, அதாவது மேளம் கட்டுவது, வழக்கம். மெழுகு போனால் மெழுகு வைக்கலாம், அவ்வளவுதான்.

எல்லா வாத்தியத்துக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 2020-ம் வருஷத் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு ஒலிப்பதிவு முடிந்தபின் ஏஞ்சலா ஹியூவிட் என்ற பியானோ கலைஞரின் ஃபட்சியோலி பியானோவை வண்டிக்காரர்கள் கீழே போட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த இரும்புச் சட்டம் உடைந்தது. அதைச் செய்த பவுலோ ஃபட்சியோலியே வந்து பார்த்து, இனிக் காப்பாற்றிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். ஆயிரக்கணக்கான இறாத்தல் இழுவையைத் தாங்குகிற வார்ப்பிரும்பு பிளந்தால் பியானோ முடிந்தது. வீணையில் அப்படிப்பட்ட உறுப்பு எதுவும் கிடையாது. எல்லாம் மரம், மெழுகு, பித்தளை, தந்தி. ஒவ்வொன்றையும் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தம்பி இரவில் கூப்பிட்டார். மாமியாரின் ஒட்டு வீணையைச் சென்னையிலிருந்து சரக்கில் வரவழைத்திருக்கிறார்.

“அண்ணே, யாளி தலை தனியா கிடக்குது. குடத்துப் பக்கம் ஒட்டு விட்டிருக்கு, நகம் நுழையுது. கையில பசை வச்சிருக்கேன், இப்பவே ஒட்டிடட்டுமா?”

“முதல்ல அந்தப் பசையைக் கீழ வைங்க தம்பி.”

“இல்லண்ணே, இன்னும் திறந்துக்குமோன்னு பயமா இருக்கு.”

“திறக்கட்டும். நல்லா திறந்தா எனக்கு வேலை சுலபம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, தந்தியைத் தளர்த்துங்க. எல்லாத்தையும் ஒரேயடியா இல்ல, ஒவ்வொண்ணா, கொஞ்சம் கொஞ்சமா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஒட்டு விட்ட வீணையில் தந்தி முறுக்கோடு இருந்தால் அது இரவும் பகலும் அந்தப் பிளவை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே தந்தியை முழுக்கத் தளர்த்திவிட்டு மற்றதை அப்படியே விட்டாலோ இழுவை ஒரு பக்கமாகப் போய் தண்டி திருகும். தளர்த்தி முடித்ததும் பெட்டியை, அதில் வைத்திருந்த பஞ்சை, காகிதத்தை எதையும் தூக்கிப் போடக்கூடாது. தரையில் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, விழுகிற ஒவ்வொரு சிராயையும் பொறுக்க வேண்டும். கடுகளவு மரத்துண்டானாலும் ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். யாளியின் பல்லோ காதோ அந்தச் சிராய்களில்தான் இருக்கும். சொந்த மரமே திரும்ப உட்கார்ந்தால் ஒட்டின கோடு கண்ணுக்குத் தெரியாது. புது மரத்தில் செதுக்கி வைத்தால் எத்தனை சாயம் பூசினாலும் தெரியும். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். பொருத்திப் பார்க்கும்போதெல்லாம் நுனி நார்கள் மடங்கி ஒடியும், அப்புறம் சரியாக உட்காராது.

பசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் மரவேலைக்கு வச்சிரம்தான். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வெந்நீரும் சூடும் காட்டினால் இளகிக் கொடுக்கும், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவன் பிரித்துச் செப்பனிடலாம். சூப்பர் க்ளூ மரத்தின் நாருக்குள் இறங்கிக் கண்ணாடியாக இறுகிவிடும். பிளவு சரியாகச் சேராமல் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டியிருந்தாலும் அதைத் திறக்க மரத்தை அறுக்க வேண்டியதாகிறது. அந்த முகத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது, ஏனென்றால் பசை குடிக்க மரத்தில் இடமில்லை. தண்டி ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். பிரடைப் பக்கத்து முனையில் உள்ள மேருவிலிருந்து குதிரைக்குப் போகிற சாரணித் தந்தி மெட்டுகளின் நடுவே ஓடாமல் ஓரத்துக்குப் போகும், கமகத்துக்குத் தந்தியை இழுத்தால் மெட்டைவிட்டு நழுவும். வாசிக்கிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அவதிப்படுவார்.

அந்த நியூ ஜெர்சி வீணையை அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார்கள். டப்பா நிறையச் சிராய்கள் இருந்தன, மனசு நிறைந்துவிட்டது. பாதி திறந்திருந்த ஒட்டை நான் முழுக்கத் திறந்தேன். பாதி விட்ட ஒட்டில் மேலே பசை தடவி இறுக்குவது சுலபமான வேலை, காசும் வரும். ஆனால் உள்ளே பழைய பசை அழுக்கோடு இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி விடும். நீராவி காட்டி, மெல்லிய தகட்டை நுழைத்துப் பிரித்து, இரண்டு முகத்திலும் பழைய பசையைச் சுரண்டி, மரம் காய்ந்த பின்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது நூல் பிடிப்பேன். மேரு நடுவிலிருந்து குடத்தின் நடுவுக்கு ஒரு நூலைக் கட்டி, தண்டி அதற்கு நேராக நிற்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கயிறு சுற்றி ஆப்பு அடித்து இறுக்கினபின் பசை காயும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது. அடுத்து யாளி. அதற்குள் மரக்குச்சி ஒன்றைக் குறுக்கே நுழைத்துப் பிடிமானம் கொடுத்துத்தான் ஒட்டுவேன், வெறும் பசையை நம்ப மாட்டேன். கடைசியில் மேளம். இதற்குக் காது வேண்டும். ஒவ்வொரு மெட்டையும் சூடான மெழுகில் உட்கார வைத்து, சுருதி கேட்டு, இம்மி நகர்த்தி, மறுபடி கேட்டு, 24 மெட்டும் முடியும்வரை வேறு பேச்சு இல்லை.

வெளியே தெரியாத அடியும் உண்டு. பார்வைக்கு முழுசாக வந்த வீணை, வாசித்தால் ஒரு சுரத்தில் மட்டும் ஜர்ரென்று இரையும். குடத்தை விரல் முட்டியால் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள், ஒரு இடத்தில் சத்தம் செத்துக் கேட்டால் அங்கே மயிர்ப்பிளவு இருக்கிறது. இருட்டறையில் பலகையின் துவாரங்கள் வழியாகச் சின்ன டார்ச் வெளிச்சத்தை உள்ளே காட்டினால் சில சமயம் கோடாக வெளிச்சம் கசியும்.

இனி நஷ்ட ஈடு. இதில் காலக்கெடுதான் ஆளைக் கவிழ்ப்பது. கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் என்ற பாடகரின் டெய்லர் கிட்டார் 2008-ல் யுனைடெட் விமானத்தில் போகும்போது உடைந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆனது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் அதையே பாட்டாக்கி 2009-ல் யூடியூபில் வெளியிட, உலகமே பார்த்தது. நம்மில் எத்தனை பேர் பாட்டெழுதி நியாயம் வாங்க முடியும்? அதனால் விதியைத் தெரிந்துகொள்வதே மேல். 1999-ம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைதான் பன்னாட்டு விமானப் பயணத்துக்குப் பொது. இந்தியாவுக்கு 2009-லிருந்து அது பொருந்தும். பயணியின் லக்கேஜாகப் போட்ட வீணை சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள், சரக்காக அனுப்பியதென்றால் 14 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. வழக்கு போடுவதென்றால் இரண்டு வருஷம்தான் அவகாசம். புகார் இல்லாமல் வாங்கிக்கொண்டால் பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பெட்டி நசுங்கியிருந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே ‘பெட்டி சேதமான நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். டெலிவரிக்கு வந்த பையன் அவசரப்படுத்துவான், பரவாயில்லை.

தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. எஸ்.டி.ஆர். என்று ஒரு சர்வதேசக் கணக்கு அலகு இருக்கிறது, ஒன்று நூறு ரூபாய்க்கு மேல் வரும். 2024 டிசம்பர் 28 முதல் சரக்குக்குக் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., லக்கேஜுக்குப் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். இதில் ஒரு அநியாயம் எனக்குத் தாங்குவதே இல்லை. விமானச் சரக்குக் கட்டணத்தைப் பெட்டியின் பருமனை வைத்தும் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது வழக்கம். 140-க்கு 50-க்கு 50 அளவுள்ள பெட்டி இப்படி 58 கிலோ ஆகிவிடும். உண்மையில் வீணையும் பெட்டியும் சேர்ந்து 25 கிலோ இருக்கும். வாங்கும்போது 58 கிலோவுக்குக் காசு, கொடுக்கும்போது 25 கிலோவுக்கு ஈடு. இந்த உச்சவரம்பைத் தாண்ட உடன்படிக்கையிலேயே வழி இருக்கிறது: அனுப்பும்போதே வீணையின் மதிப்பைத் தனியாக அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டலாம். தனிக் காப்பீடும் எடுக்கலாம். அந்த நேரத்தில் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். உள்நாட்டு கூரியரில் உடைந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

நிறுவனம் இரண்டு வாதம் வைக்கும். ஒன்று, இது பழைய பிளவு என்பது. பலா மரம் இதற்கு நல்ல சாட்சி. புதிதாக உடைந்த பலாவின் முகம் மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு நாளாக ஆகத்தான் அது பழுப்பேறும். பழைய பிளவுக்குள் அழுக்கும் எண்ணெயும் மெருகும் இறங்கியிருக்கும். ஆகையால் திறந்த அன்றே, நல்ல வெளிச்சத்தில், கிட்ட வைத்து உடைந்த முகத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பழுதுச் செலவு மதிப்பீடு எழுதித் தரும்போது எது புது உடைவு, எது முன்பே இருந்தது என்று பிரித்தே எழுதுகிறேன். பழையதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறவர்களிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளுபடி செய்வார்கள். இரண்டாவது வாதம், கட்டினது சரியில்லை என்பது. பொதி சரியாகக் கட்டப்படாததால் வந்த சேதத்துக்குச் சரக்கை ஏற்றிச் சென்ற நிறுவனம் பொறுப்பில்லை என்று உடன்படிக்கையே சொல்கிறது. கட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியின்மேல் அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், பலமாக அடிபட்டால் சிவப்பாகும். ‘கண்ணாடிப் பொருள்’ என்று எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

கட்டுகிற முறையைக் கேட்டீர்கள் என்றால், யாளிப் பக்கம் தண்டிக்குக் கீழே இருக்கிற சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாக வையுங்கள். தந்திகளைத் தளர்த்திக் குதிரையை எடுத்துவிடுங்கள், அது பலகையில் ஒட்டப்பட்டதில்லை, தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. எடுக்கும் முன் அது நின்ற இடத்தைப் படம் எடுத்து, காகித டேப்பில் அடையாளம் வையுங்கள். தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் நடுவே மெத்தென்ற துணியை நீளவாக்கில் செருகுங்கள். கடையில் விற்கும் ஃபைபர் பெட்டி காரில் கச்சேரிக்குப் போக நல்லது, சரக்குக்கு அது மட்டும் போதாது. அதற்குள் குடம் அசையாதபடி பஞ்சுத் தொட்டில் இருக்க வேண்டும், தண்டிக்குக் கீழே நீளம் முழுக்கத் தாங்கல் இருக்க வேண்டும், யாளியைச் சுற்றிலும் எதுவும் தொடாமல் இடம் விட வேண்டும். அந்தப் பெட்டியை ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள், சுற்றிலும் இரண்டு அங்குலம் கெட்டியான ஃபோம் வைத்து இறக்குங்கள். செய்தித்தாளைக் கசக்கி அடைக்காதீர்கள், அது போகிற வழியில் அமுங்கி இடைவெளி விடும். மூடியபின் இரண்டு பேர் பிடித்து ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதாவது சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள். வெளிப்பெட்டிக்குச் சாதா மரச்சட்டம் அடித்தால் வெளிநாட்டில் நிறுத்திவிடுவார்கள். பூச்சி பரவாமலிருக்க அந்த மரம் 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேற்றுவது போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை.

பழைய வீணைகளை அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யானைத் தந்தமோ மான்கொம்போ பதித்த வீணையை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. நூறு வயதுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், அதுவும் போகாது. சுங்கத்தில் பிடிபட்டால் வீணை திரும்பி வருவதே பெரும்பாடு.

போய்ச் சேர்ந்தபின் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். குளிரில் வந்த வீணை ஒரு நாள் மூடினபடியே அறைக்குள் இருந்து மெல்லச் சூடேறட்டும். குளிர்நாட்டு வீடுகளில் ஹீட்டர் ஓடும்போது காற்று எலும்பாகக் காயும், ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நம் ஊர்க் காற்றில் வளர்ந்த பலா அங்கே சுருங்கும். நல்லபடி வந்த வீணை இரண்டு மாதம் கழித்து ஒட்டு விட்டால் அது பெரும்பாலும் ஹீட்டரின் வேலை. வீணை இருக்கிற அறையில் ஈரப்பதமானி ஒன்று வைத்து, 40-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

வீணை செய்கிற எங்கள் ஆட்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத்தில் எங்கிருந்தோ தேடி வந்து வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் செதுக்கிய வீணையைக் கொடுத்துவிட்டு, கட்டி அனுப்புகிற வேலையைக் கண்டவர் தலையில் விடுகிறோம். விலை சொல்லும்போதே பெட்டியையும் சேர்த்துச் சொல்லலாம். எந்த வீணையின் குடம் எவ்வளவு ஆழம், யாளி எவ்வளவு நீட்டம் என்று செய்தவனுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது. என் பட்டறையில் பழுது பார்த்து வெளிநாடு போகிற வீணைகளுக்கு இப்போது நானே அளவெடுத்துத் தொட்டில் வெட்டி, ஒட்டுப்பலகைப் பெட்டி அடித்துத் தருகிறேன். பெட்டிக்குள் உதிரி மெழுகும், மெட்டு வரிசை எழுதிய சீட்டும், குதிரை நின்ற இடத்தின் படமும் வைக்கிறேன். அங்கே திறக்கிறவர் என்னைக் கூப்பிடாமலே வீணையை நிறுத்திவிடலாம்.